எலாஸ்டிக் மணி வளையல்: மணிக்கு முன்னால் நூல்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஃபேன்ஸி கடைக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது மணிகள் மேல்தான். நிறம் பார்த்து, பளபளப்பு பார்த்து நாலைந்து சரம் எடுத்துவிட்டு, பில் போடும்போது "அண்ணே, ஒரு எலாஸ்டிக் நூலும் குடுங்க" என்கிறோம். அவரும் கைக்கு எட்டிய சுருளைத் தருகிறார். ஆசையாகக் கோத்த வளையல் சீக்கிரமே அறுந்து, சூளூர்ப்பேட்டை லோக்கலில் சீட்டுக்கு அடியில் மணிகள் உருண்டு ஓடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிஷத்து நூலால்தான். எளாவூர்ப் பக்கத்தில் வெயிலும் வியர்வையும் போதாதென்று பழவேற்காட்டு ஏரியின் உப்புக்காற்று வேறு. அதனால் நூலை முதலில் முடிவு செய்யுங்கள். மணியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மீன்பிடிப்பவர்கள் பயன்படுத்தும் தங்கூசி நரம்பை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பார்க்கக் கண்ணாடி போன்ற எலாஸ்டிக் மாதிரியே இருக்கும், உறுதியும் அதிகம். ஆனால் இழுத்தால் நீளாது. கொக்கி வைத்த கழுத்து மாலைக்கு அது சரி. கையை நுழைத்துப் போடும் வளையலுக்கு ஆகாது.

மிச்சம் மூன்று வகை. கடையில் அதிகம் கிடைப்பது கண்ணாடி போன்ற ஒற்றை இழை எலாஸ்டிக். சற்று விறைப்பாக இருப்பதால் ஊசியே வேண்டாம், நுனியைச் சாய்வாக வெட்டினால் மணிக்குள் தானாகப் போகும். பிள்ளைகள் கோக்க இதுதான் வசதி. இதன் குறை வழுவழுப்பு. சாதாரண முடிச்சு போட்டால் மெல்ல மெல்ல நழுவி அவிழ்ந்துவிடும். ஜன்னலோரம் வெயிலில் கிடந்த சுருள் மஞ்சளடித்துப் போயிருக்கும், அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் ஒன்றாகச் சேர்ந்த பல இழை எலாஸ்டிக். லெக்கின்ஸிலும் விளையாட்டு உடைகளிலும் இருக்கிறதே ஸ்பாண்டெக்ஸ், 1958இல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது, அதே குடும்பம்தான். தொட்டால் பட்டுப்போல் மிருதுவாக இருக்கும், முடிச்சு கெட்டியாக உட்காரும், ஒரு இழை போனாலும் மற்றவை தாங்கும். கோக்க மெல்லிய கம்பி ஊசி வேண்டும். இல்லாவிட்டால் நுனி பிரிந்து பிரிந்து வரும். பொறுமை இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் இரட்டையாக மடித்துக் கோத்தால்.

மூன்றாவது, ரப்பர் நடுவில் இருக்க மேலே நூல் சுற்றிய எலாஸ்டிக். டெய்லர் சாமான் கடையிலேயே கிடைக்கும். முடிச்சு நழுவாது. ஆனால் தடிமன் அதிகம், அழுக்கும் வியர்வையும் ஏறிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ரப்பர் நாளடைவில் காய்ந்து இழுவையை இழந்துவிடும். பெரிய துளை உள்ள மரமணி, ருத்ராட்சம், சுடுமண் மணி இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தடிமனை முடிவு செய்வது துளை. 2 மி.மீ. அளவுள்ள பொடிப் பாசிக்கு 0.5 மி.மீ. நூல், 6, 8 மி.மீ. மணிகளுக்கு 0.7 அல்லது 0.8, அதற்கு மேல் 1 மி.மீ. துளையில் தடையில்லாமல் போகக்கூடிய நூல்களில் எது தடிமனோ அதை எடுங்கள். பெரிய துளைக்குள் மெல்லிய நூல் ஆடிக்கொண்டே இருந்தால் தேய்மானம் கூடும்.

இனி மணி. நிறத்துக்கு முன் துளையின் விளிம்பைப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தையல் நூலை மணிக்குள் விட்டு, இரு நுனியையும் பிடித்து, விளிம்பில் உரசும்படி சாய்த்து இப்படியும் அப்படியும் பத்து முறை இழுங்கள். நூலில் பிசிறு கிளம்பினால் அந்த மணி எலாஸ்டிக்கையும் அறுக்கும். மலிவான கல் மணியிலும், வெட்டிய கண்ணாடிக் குழல் மணியிலும் இது அடிக்கடி நடக்கும். வேறு வழியில்லை, அந்த நிறம்தான் வேண்டும் என்றால், தண்ணீர் தாங்கும் மெல்லிய உப்புத்தாளைக் குச்சிபோல் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் துளைக்குள் திருகிவிடுங்கள். ஈரமாகத் தேய்ப்பது தூசி மூக்கில் ஏறாமல் இருக்க.

கண்ணாடி மணியில் இந்தக் கூர் விளிம்புச் சிக்கலை நம் பக்கத்து ஊர்க்காரர்களே எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டி, காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர். அங்கே உலையில் உருக்கிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் திரட்டி, நடுவில் துளை இருக்கும்படியே மெல்லிய குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நறுக்கியதோடு விடாமல், சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். கூர் விளிம்பு உருகி உருண்டுவிடும். துளை அடைபடாமலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் சாம்பல் பார்த்துக்கொள்ளும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அதே இடத்தில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படி இழுத்த மணிகள் செய்யப்பட்டன. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். ஆகவே கண்ணாடிப் பாசி வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பாருங்கள். தோலில் எங்கும் குத்தாமல் ஓடினால் அது சூட்டில் உருண்ட விளிம்பு, எலாஸ்டிக்குக்கு ஏற்றது.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 8 மி.மீ. கண்ணாடி மணி 23 சேர்ந்தால் ஏறக்குறைய 15 கிராம். கல் மணியும் அதே அளவுதான். பிளாஸ்டிக் அதில் பாதி, மரம் இன்னும் குறைவு. கண்ணாடிக்கும் கல்லுக்கும் பல இழை எலாஸ்டிக் இரட்டையாக. பிளாஸ்டிக்குக்கு ஒற்றை இழை எலாஸ்டிக் போதும். நடுநடுவே தங்க நிறக் குட்டி மணி வைக்க விரும்பினால் முலாம் பூசியதைவிட ஸ்டீல் நல்லது. வியர்வையில் முலாம் கறுத்துவிடும்.

எத்தனை மணி என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். மணிக்கட்டைச் சுற்றி நூலால் அளந்து, அந்த நீளத்துக்கே கோத்தால் வளையல் இறுக்கும். மணிக்கும் பருமன் உண்டே. மணியின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, வரும் எண்ணை மணிக்கட்டு அளவோடு கூட்டுங்கள். மணிக்கட்டு 16 செ.மீ., மணி 8 மி.மீ. என்றால் 160 மி.மீ.யோடு 25 சேர்த்து 185. எட்டால் வகுத்தால் 23 மணி. அதே கைக்கு 4 மி.மீ. மணி என்றால் 43, 10 மி.மீ. என்றால் 19. இழுபட்டுக்கொண்டே இருக்கும் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும் என்பதால், தளர்வாக வேண்டுமென்றால் ஒரு மணி கூட்டிக்கொள்ளலாம், குறைக்கவே கூடாது.

கோக்கும் முன் நூலை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து விடுங்கள். புது நூலின் தளர்ச்சி அப்போதே போய்விடும். பிறகு மணிகளுக்கு நடுவே இடைவெளி தெரியாது. வளையல் நீளத்துக்கு மேல் 15 செ.மீ. மிச்சம் வைத்து, ஒரு நுனியில் செலோ டேப் ஒட்டிவிட்டுக் கோக்கலாம். கடைசி மணி, பெரிய துளை உள்ளதாக இருக்கட்டும். முடிச்சுக்கு, நுனிகளை வழக்கம்போல் ஒரு முறை அல்ல, இரண்டு முறை சுற்றி இழுங்கள். எதிர்த்திசையில் மறுபடி இரண்டு சுற்று. அறுவை சிகிச்சையில் தையல் போடும் முடிச்சு வகை இது. இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்து இறுக்கிய பின், முடிச்சைப் பெரிய துளைக்குள் தள்ளிவிடுங்கள்.

பசை வேண்டுமா? ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது கல்லாக இறுகும். வளையும் நூல் அந்தக் கெட்டியான விளிம்பில்தான் ஒடியும். செல்போன் ரிப்பேர் கடையில் டிஸ்ப்ளே ஒட்டும் பி-7000 பசை காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளையும். குண்டூசி முனையில் ஒரு துளி போதும். 24 மணி நேரம் காயட்டும், அதற்குப் பிறகு நுனியை நறுக்குங்கள்.

சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் மெஷின் பக்கம் போகும் முன் வளையலைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். எலாஸ்டிக் சுலபமாக அறுந்துவிடும் என்று நம்பிச் சுழலும் ரோலருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள்; அறுவதற்கு முன் நீளும், நீளும்போது கையையும் இழுக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எந்த நூலில் கோத்ததும் ஆகாது, சிதறும் மணி தொண்டைக்குள் போய்விடும்.

போடும்போது விரித்து இழுக்காமல், விரல்களைக் குவித்து உருட்டி ஏற்றுங்கள். குளிக்கும்போது கழற்றுங்கள். மணிகளுக்கு நடுவே நூல் தெரிய ஆரம்பித்தால் அறும்வரை காத்திருக்காமல் வெட்டிவிட்டு, அதே மணிகளைப் புது நூலில் கோத்துக்கொள்ளலாம். நிறைய மணி தேவைப்பட்டால் லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போய் பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகளைப் பாருங்கள். தையல் நூல் ஒரு முழம் மறக்காமல் எடுத்துப் போங்கள். சரத்தை வாங்கும் முன் அங்கேயே நின்று துளையைச் சோதித்துவிடலாம்.