பாராங் கத்தி: கூர் ஏற வேண்டும், கீறல் விழக்கூடாது

சிகாமட், லாபிஸ், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களில் பாராங் இல்லாத வீடு குறைவு. லயத்தைக் காலி செய்து மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குடிபெயர்ந்தபோது அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டுவிட்டு வந்தவர்கள்கூட பாராங்கை விடவில்லை. பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த கத்தி அது. அதே வீட்டுப் பிள்ளைகள் இன்று குனோங் லெடாங் ஏறவும் மெர்சிங்கில் கூடாரம் போடவும் ஜப்பான் கத்தியோ சுவீடன் கத்தியோ வாங்குகிறார்கள். இரண்டையும் பேணும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தகைய கத்திகளின் முகத்தில் தெரியும் கீறல்களில் பெரும்பாலானவை வீட்டுப் பின்கட்டில், தீட்டும் நேரத்தில் விழுந்தவை. கல் தொட வேண்டியது கத்தி வாயை மட்டும்தான். கல்லிலிருந்து கழன்ற பொடியும் கத்தியில் ஒட்டியிருந்த மண்ணும் பக்கங்களுக்குப் பரவி கோடு போட்டுவிடுகின்றன. கீழே சொல்லியிருப்பதில் பாதி, அந்தப் பொடியை அண்டவிடாமல் இருக்கும் வழிகள்.

செய்ய வேண்டியவை

கழுவித் துடைத்த பிறகே கல்லில் வையுங்கள். நம் ஊர்ச் செம்மண்ணில் இருக்கும் மணல் துகள் இரும்பைவிடக் கெட்டி. பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பஞ்சும் போதும். பலாப்பால், வாழைக்கறை, ரப்பர்ப்பால் ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் வழித்தால் வந்துவிடும்.

கத்தியின் முகத்தை மூடுங்கள். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் வேலைக்கு விற்கும் மாஸ்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். வாய்ச்சாய்வு தொடங்கும் இடத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேலே டேப்பின் விளிம்பு நிற்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் டேப் கல்லில் உரசிப் பிசுபிசுத்துக் கோணத்தைக் கெடுக்கும். விளிம்பை விரல் நகத்தால் ஒருமுறை அழுத்தி நீவிவிடுங்கள், இல்லாவிட்டால் சேறு உள்ளே புகுந்து, மூடிய இடத்திலேயே கீறும். நனைந்து தளர்ந்தால் புது டேப் போடுங்கள். வேலை முடிந்ததும் உடனே உரித்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் பசை இறுகும், அடியில் தங்கிய ஈரம் துருப்புள்ளி வைக்கும்.

கோணத்தை அளந்து பிடியுங்கள். மூன்று செ.மீ. அகலமுள்ள முகாம் கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகை ஒரு செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை. நான்கு செ.மீ. அகலப் பாராங்கை 1.7 செ.மீ. தூக்கினால் 25 பாகை. மரம் வெட்டும் கத்திக்கு இந்தத் தடிப்பு வேண்டும். சாய்வில் மார்க்கர் பேனாவால் மை பூசி நான்கு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்.

ஆனால் கொல்லர் அடித்த பழைய பாராங்குக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அதன் வாய் நேர்ச்சாய்வாக இருக்காது, மெல்ல வளைந்து இறங்கும். கடின மரத்தில் இறங்கியும் உடையாமல் நிற்பது அந்த வளைவால்தான். தட்டையான கல்லில் தேய்த்துத் தேய்த்து அந்த வயிற்றை அழித்துவிட்டு, இப்போதெல்லாம் கத்தி மரத்தில் மாட்டிக்கொள்கிறது என்று குறைப்படுவதில் பயனில்லை. இதற்குப் பழைய மவுஸ்பேடோ தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பரோ போதும். அதன்மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் போட்டு, முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபடும்படி இழுங்கள். அடியிலுள்ள ரப்பர் அமுங்கி வளைவோடு பொருந்திக்கொள்ளும். 600, 1000, 2000 என்று படிப்படியாக ஏறலாம். வாயை முன்னே தள்ளினால் தாள் அறுபடும்.

கல்லில் தீட்டுபவர்கள் 1000-ஆம் எண்ணிலேயே தொடங்குங்கள். 400 பொக்கை விழுந்த வாய்க்கு மட்டும். ஊற வைக்கும் வகைக் கல்லென்றால் குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரில் கிடக்கட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தி, கல், கை மூன்றையும் கழுவுங்கள். 400-இன் ஒரே ஒரு துகள் 3000-ஆம் எண் கல்லில் ஏறிவிட்டால் அரைமணி நேர வேலை பாழ். நடுவில் குழிந்த கல்லைச் சமப்படுத்திய பிறகே பயன்படுத்துங்கள்.

ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் பிசிர் எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் நகர்த்தினால் நெருடும்; வாய் நெடுக விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தோல் வாரில் இழுத்தால் பிசிர் போய்விடும்.

துடைத்து எண்ணெய் பூசுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாராபின், தையல் இயந்திர எண்ணெய் இரண்டும் நல்லவை. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும், வேண்டாம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான். அதை அடித்துவிட்டு எண்ணெய் பூசியாயிற்று என்று இருந்துவிட முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, மெர்சிங், தேசாரு பக்கமானால் உப்புக்காற்று வேறு. கடலோரம் போய் வந்த கத்தியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

செய்யக்கூடாதவை

மோட்டார் கிரைண்டரில் வைக்காதீர்கள். கத்தி வாய் மெல்லியது, நொடியில் சூடேறும். ஏறக்குறைய 300 பாகை செல்சியஸில் இரும்பு நீலம் பாயும்; பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பிடித்த பகுதியைத் தேய்த்தே எடுத்துவிட வேண்டும், அதாவது கத்தி அவ்வளவுக்கு ஒல்லியாகும்.

வாசற்படிச் சிமெண்டிலும் லோங்காங் ஓரத்திலும் இழுக்காதீர்கள். தோட்டத்தில் எல்லாரும் செய்ததுதானே என்பார்கள். வேலைக் கத்திக்குச் செய்தார்கள்; அது தேய்ந்தால் வேறு கிடைக்கும். உங்களுடையது பேணும் கத்தி.

கத்தியை நுழைத்து இழுக்கும் இருபல் கூராக்கி வேண்டாம். தீட்டுவதற்குப் பதிலாகச் சுரண்டும், குதித்துக் குதித்துப் பள்ளம் விடும்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் கூடாது. அதில் உராய்வுப் பொடி கலந்திருக்கிறது. ஆட்டோசோல் போட்டு வாரந்தோறும் பளபளப்பாக்கும் மோட்டார் சைக்கிள் பழக்கத்தையும் கத்தியிடம் காட்ட வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால் துளி எடுத்து, பிடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு வட்டமும் வெயிலில் தெரியும். பழைய பாராங்கின் சாம்பல் படலத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அது அழுக்கு அல்ல, இரும்பின்மேல் ஆண்டுக்கணக்கில் படிந்த காப்பு. செந்துரு வேறு, அதை உடனே எடுக்க வேண்டும்.

உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் உண்டு. கத்தி தனியே, உறை தனியே இருக்கட்டும். உருவும்போது முதுகு உறையோடு உரசி வரட்டும். உறையின் வாய்ப்பக்கத்தை விரலால் சுற்றிப் பிடிக்காதீர்கள். மர உறை பிளந்து விரல் அறுபடும்.

ஆயுத பூசையன்று ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் கத்தி முகத்தில் அப்பி மறுநாள்வரை விடாதீர்கள். முனீஸ்வரன் கோயில் அரிவாள்போல நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி வைப்பதும் வேண்டாம். பழச்சாறு ஓர் இரவில் கறுப்புத் தழும்பு போட்டுவிடும், தேய்த்தாலும் பள்ளம் நிற்கும். பொட்டைப் பிடியில் வையுங்கள், பழத்தைப் பக்கத்தில் வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கடைசியாக, தீட்டிய கத்தியைக் காரில் போட்டுவைத்து மறந்துவிடாதீர்கள். 1958-ஆம் ஆண்டின் அரிப்புப் பொருள், வெடிபொருள், ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. முகாமுக்குப் போகும்போது உறையிட்டு, துணியில் சுற்றி, கூடாரச் சாமானோடு கட்டி எடுத்துப் போங்கள். திரும்பியதும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று விளக்கம் சொல்வதற்குமுன், இன்றிரவே காரின் பின்பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.