கயிற்றைப் பிடிக்க எந்தக் கருவி?

பெங்களூரு கண்டீரவா அரங்கின் ஏறுசுவரில் கொஞ்ச காலம் பழகிவிட்டு ராமநகரத்துப் பாறைகளுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ஷூ வாங்குகிறார்கள். அடுத்தது இடுப்பில் கட்டும் ஹார்னஸ். இரண்டுக்கும் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை, அளவு பொருந்தினால் போதும். மூன்றாவதாக பிலே கருவி என்று வரும்போதுதான் கை தயங்குகிறது. ஒன்று சின்னக் கூடுபோல இருக்கிறது, விலையும் குறைவு. இன்னொன்று கைப்பிடியும் நகரும் பாகங்களுமாக, அதைப்போல் பல மடங்கு விலை சொல்கிறது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: மேலே ஏறுபவர் விழுந்தால், கீழே நிற்பவர் கையில் உள்ள கயிற்றை நிறுத்த வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்குக் கருவியே கிடையாது. கயிற்றை இடுப்பைச் சுற்றிப் போட்டு, உடம்பின் உராய்விலேயே விழுபவரைத் தாங்கினார்கள். கை வெந்துபோகும். ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஸ்டிக்ட் துளையிட்ட உலோகத் தட்டு ஒன்றை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. இன்றைய கூடு வகைக் கருவிகளெல்லாம் அந்தத் தட்டின் வாரிசுகள்தான். அவற்றில் பிளாக் டைமண்டின் ஏடிசி உலகெங்கும் பரவி, அந்த வகைக்கே பெயராகிவிட்டது. பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் 1991ல் கொண்டுவந்த கிரிகிரி வேறு வழியில் போனது.

ஏடிசியில் கயிறு மடிந்து கூட்டுக்குள் நுழைந்து, காராபினர் கொக்கியைச் சுற்றி, வந்த வழியே வெளியேறுகிறது. பிரேக் பக்கக் கயிற்றைக் கீழே இழுத்துப் பிடித்தால் அந்த வளைவில் உராய்வு கூடிக் கயிறு நிற்கும். பிடித்திருக்கும் கைதான் இங்கே பிரேக். கல் விழுந்து பிலே செய்பவர் மயங்கினாலோ, குளவி கொட்டிக் கையை உதறினாலோ கயிறு தடையில்லாமல் ஓடும். கயிறு மெலிதாக இருந்தால் இன்னும் வழுக்கும்.

கிரிகிரிக்குள் சுழலும் கேம் ஒன்று இருக்கிறது. கயிறு மெதுவாக நகரும்போது அது சும்மா இருக்கும். திடீரென்று இழுபட்டால் திரும்பிக் கயிற்றை நெரிக்கும். ஆகவே கை தவறிய நொடியிலும் விழுபவர் நிற்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ‘வாய்ப்பு’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். பெட்ஸலே பிரேக் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. கயிற்றைத் தலைகீழாக மாட்டினால் கேம் பூட்டாது. அதனால்தான் கருவியின் மேலேயே ஏறுபவரின் உருவத்தையும் கையின் உருவத்தையும் பொறித்திருக்கிறார்கள். மாட்டியதும் ஏறுபவர் பக்கக் கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். கேம் கவ்வினால்தான் அவர் காலைத் தரையிலிருந்து எடுக்கலாம்.

கிரிகிரியில் விபத்துகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வருகின்றன. ஒன்று, லீட் ஏறுபவருக்கு, அதாவது கயிற்றைக் கீழிருந்து தானே கொண்டுபோகிறவருக்கு, வேகமாகக் கயிறு கொடுக்கும்போது. பழகாதவர்கள் கருவியை முழுக் கையால் அமுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஏறுபவர் விழுந்தால் கேம் திரும்ப வழியில்லை. சரியான முறையில் பிரேக் கை கயிற்றைவிட்டு விலகுவதே இல்லை. ஆள்காட்டி விரல் கருவியின் விளிம்புக்கு அடியில் நிற்க, கட்டைவிரல் மட்டும் ஒரு கணம் கேமை அழுத்தி விலகும். இரண்டாவது இடம், இறக்கும்போது. வேகம் கூடியதும் பதற்றத்தில் கைப்பிடியை முழுதாக இழுத்துவிடுவார்கள், கயிறு இன்னும் வேகமாக ஓடும். கிரிகிரி+ மாதிரியில் அளவுக்கு மீறி இழுத்தால் கயிறு நின்றுவிடும். புதியவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும்.

2024ல் வந்த பெட்ஸலின் நியாக்ஸில் கேமுக்குள் ஒரு சக்கரம் இருப்பதால் கயிறு கொடுப்பது சுலபம். லீட் அதிகம் செய்பவர்கள் பார்க்கலாம். ஆனால் 175 கிராம் எடையுள்ள கிரிகிரியைவிட இது கனமானது.

ஏடிசிக்கும் கிரிகிரிக்கும் நடுவே இன்னொரு கூட்டம் உண்டு: மாமூட் ஸ்மார்ட், எடெல்ரிட் ஜூல் போன்றவை. நகரும் பாகமே இல்லை. கயிறு இழுபட்டதும் கருவியே நகர்ந்து, கயிற்றைக் காராபினரோடு சேர்த்து நெரிக்கும். எடையும் விலையும் குறைவு. ஆனால் நிறுவனம் சொல்லும் காராபினரைத்தான் போட வேண்டும், வடிவம் மாறினால் பிடிப்பும் மாறும். கிரிகிரி கைக்கு எட்டாத விலை என்று நினைப்பவர்கள் சாதாரண ஏடிசிக்குப் போவதற்கு முன் இவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

“முதலில் ஏடிசியில் பழகு, கை ஒழுக்கம் வரட்டும், கிரிகிரி பிறகு” என்பது மூத்தவர்கள் பலர் சொல்லும் பாடம். நோக்கம் நல்லதுதான். ஆனால் கவனம் சிதறுவதும் கை தடுமாறுவதும் பழகும் காலத்தில்தான் அதிகம். அப்போது காப்பு இல்லாத கருவியைக் கொடுத்துவிட்டு, தேறிய பிறகு காப்புள்ளதைக் கொடுப்பதில் நியாயம் இல்லை. ஜெர்மன் ஆல்பைன் சங்கமும் ஏறுசுவர்களில் பூட்டும் வகைக் கருவிகளையே பரிந்துரைக்கிறது. கை ஒழுக்கத்தைக் கிரிகிரியிலும் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

சாவன்துர்கா போன்ற இடத்தில் கணக்கு வேறு. கருங்கல் சரிவில் பிட்ச் மேல் பிட்ச்சாக, அதாவது கயிற்று நீளம் நீளமாக, ஏறிய பிறகு, கயிற்றை நங்கூரத்தில் இரட்டையாகப் போட்டு இறங்க வேண்டிவரலாம். கிரிகிரி ஒற்றைக் கயிற்றைத்தான் ஏற்கும். இங்கே பெட்ஸல் ரிவர்சோ அல்லது ஏடிசி கைடு போன்ற கூடு வகைதான் சரி. இரண்டு கயிறும் ஓடும், எடை குறைவு. மேலே இருக்கும் நங்கூரத்தில் நேராக மாட்டினால், பின்னால் வருபவரின் கயிறு தானாகவே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிய கயிற்றை எடை தொங்கும்போது தளர்த்துவது எளிதல்ல. அதைத் தரையிலேயே பழகிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். பாதி வழியில் கருவி கை நழுவிக் கீழே போய்விட்டாலும் முன்டர் முடிச்சு தெரிந்தவர் தவிக்க மாட்டார். அகன்ற ஹெச்எம்எஸ் காராபினர் ஒன்று இருந்தால் போதும்.

பாதாமியின் மணற்பாறைபோல, போல்ட் அடித்த ஒற்றைப் பிட்ச் பாதைகளே அதிகம் ஏறுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பூட்டும் வகைதான்.

வாங்குமுன் கயிற்றின் தடிமனைப் பார்த்துவிடுங்கள். இன்றைய கிரிகிரி 8.5 முதல் 11 மில்லிமீட்டர் வரை ஏற்கும். பழைய மாதிரிகளுக்கு வரம்பு குறுகலானது. மேலே ஏறுபவர் பிலே செய்பவரைவிட மிகவும் கனமானவரா? எந்தப் பிலே கருவியும் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டாது. முதல் போல்ட்டில் மாட்டும் எடெல்ரிட் ஓம் போன்ற தனிக் கருவி வேண்டும். இறக்கும்போது கயிறு போதாமல் அதன் நுனி கருவியைத் தாண்டி வெளியேறிவிடுவதும் உண்டு. எந்தக் கருவியானாலும் கயிற்றின் கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது, ஏறுவது சுவரிலும் ராமநகரத்திலும் என்றால் கிரிகிரி வாங்கலாம். நீண்ட பாதைக்கு அழைப்பு வரும்போது ரிவர்சோவைச் சேர்த்துக்கொள்ளலாம். வரலாறு தெரியாத பழைய கருவியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளத்தில் விளிம்பு கூராகிவிட்டால், அது உங்கள் சொந்தக் கருவியாகவே இருந்தாலும் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.