விசாகை கண்டதும் சொன்னதும்



இம்மாதப் பாடத்திற்கு வினய பிடகத்தில் 'அநியதம்' எனப்படும் சிறு பகுதியை எடுத்துக்கொள்கிறோம். பிக்குகளுக்குரிய விதியை இல்லறத்தார் ஏன் கற்க வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். விதி பிக்குவுக்குரியதே, ஆயினும் அதனை இயங்கச் செய்பவள் இல்லறத்துப் பெண். ஆகவே இது நமக்கும் உரிய பாடமாகும்.

சாவத்தி நகரில் உதாயி என்னும் பிக்கு, தமக்குப் பழக்கமான குடும்பத்துப் பெண்ணொருத்தி மணமாகிச் சென்ற வீட்டிற்குப் போய், மறைவானதோர் இடத்தில் அவளுடன் தனித்து அமர்ந்திருந்தார். அவ்வீட்டார் அழைப்பின்மேல் வந்த விசாகை அதனைக் கண்டாள். மக்களும் பேரப்பிள்ளைகளும் நிறைந்தவள். சங்கத்திற்கு விகாரம் கட்டிக் கொடுத்தவள். 'இது தகாது' என்று அவருக்கு நேரே எடுத்துரைத்தாள். அவர் பொருட்படுத்தவில்லை. விசாகை வாய்மூடி வீடு திரும்பினாளில்லை. பிக்குகளிடம் சென்று தெரிவித்தாள். செய்தி பகவன் செவிக்கு எட்டியது. கண்டிக்கப்பட்டவர் உதாயி, விசாகை அல்லள். நம்பத்தக்க உபாசிகை கண்டதைச் சொல்லுவாளாயின் பிக்கு விசாரணைக்கு உட்படவேண்டும் என்னும் விதி இவ்வாறே பிறந்தது.

இவ்விதியில் வரும் 'பெண்' என்னும் சொல்லுக்குப் பழைய உரை தரும் விளக்கம் நம் சிந்தனைக்குரியது. அன்று பிறந்த பெண் குழந்தையும் அச்சொல்லில் அடங்குவாள் என்கிறது அது. பச்சிளங் குழந்தையிடம் எவருக்குத் தீய எண்ணம் வரும் என்று அவ்வுரைகாரர் எண்ணவில்லை. மனித மனத்தை நம்மினும் நன்கறிந்திருந்தார் போலும். ஆண் பிள்ளைகளை இவ்விதி குறிக்கவில்லையே எனின், முதற் பாராஜிகம் ஆண் பெண் பேதம் பாராமல் காமச் செயலைத் தடுக்கிறது. அதனை மீறியவன் அக்கணமே பிக்கு அல்லன்.

இவ்விதிகள் இருந்தும் தீமை நேராமலில்லை. 2018-ஆம் ஆண்டில், நாம் தலைவணங்கும் புத்தகயாவிலேயே, அசாமிலிருந்து வந்து தங்கிப் பயின்ற சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்னும் குற்றச்சாட்டில் பிக்கு ஒருவர் கைதானார். காவி ஆடை எவரையும் தூயவராக்குவதில்லை. மதம் மாறி வந்த நாம், பழைய கோயில்களில் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டிய வழக்கத்தைப் பழித்துப் பேசுகிறோம், பழிக்கத்தக்கதே அது. ஆனால் அப்பழிப்புரை நம் வீட்டைக் காக்கும் கதவாகாது.

மாட்டுப்பட்டியிலும் மூணாற்றைச் சூழ்ந்த மற்றத் தோட்டங்களிலும் வாழும் அன்பர்களை நினைந்தே இதனை எழுதுகிறோம். தாயும் தந்தையும் காலையில் மலைக்குப் போய்விடுவர். லயத்தில் பிள்ளைகள் அண்டை வீட்டார் பொறுப்பில் இருப்பர். இதே இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றுத் தோட்ட லயமொன்றில் 2021 ஜூன் 30 அன்று ஆறு வயதுச் சிறுமி இறந்து கிடந்தாள். பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்தனர். விபத்து என்றே முதலில் கருதினர். பிரேதப் பரிசோதனை வேறு கூறியது. அவள் நெடுங்காலமாகத் துன்புறுத்தப்பட்டாள் என்றது காவல்துறை. கைதான அண்டை வீட்டு இளைஞரை 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் விடுதலை செய்து, புலன்விசாரணையின் குறைகளையும் எடுத்துக்காட்டியது. குழந்தை இறந்தபின் நீதி தேடுவது எத்துணைக் கடினம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. உயிரோடிருக்கையில் அவள் முகத்தைப் படிப்பவர் வேண்டும்.

நம் குடும்பங்களில் மற்றோர் இடர் உண்டு. பிக்குவையும் ஆசிரியரையும் கண்டால் பஞ்சாங்கமாக வணங்கும்படி பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அப்படி வணங்கிய கையைப் பற்றித் தீங்கு செய்பவரைக் குழந்தை எங்ஙனம் எதிர்க்கும்? 'இவர் நம் குரு' என்னும் ஒரே காரணத்தால் எதனையும் ஏற்கலாகாது எனப் பகவன் காலாமர்களுக்கு அறிவுறுத்தியதை வணக்கத்தோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். முற்பிறப்பின் வினை என்று சொல்லிக் குழந்தையின் வாயை அடைப்பதைப் போன்ற பாதகம் வேறில்லை.

சங்கத்தின் பெயர் கெடுமே என்று அஞ்சுவோர்க்கு இராசகிருகத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. தேவதத்தன் பிறழ்ந்தபோது சங்கம் அதனை மறைக்கவில்லை. அவன் செய்வன அவனுக்கே உரியன, சங்கத்திற்கு அல்ல என்று நகரறியச் சாற்றியது. சாரிபுத்தரே அதற்காக அனுப்பப்பட்டார். முன்னர் அவனைப் புகழ்ந்துரைத்த தாம் எவ்வாறு இகழ்ந்துரைப்பது என்று அவர் தயங்கினார், தயங்கியும் சென்றார்.

ஆயினும் சங்க விசாரணையோடு அமைதல் போதாது. வினயம் சங்கத்தினின்று விலக்குமேயன்றிச் சிறையிலடைக்காது. அஃது அரசின் கடமை. 2012-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர், நிகழக்கூடுமென அஞ்சுபவர் யாராயினும் காவல்துறைக்கு அறிவித்தே தீரவேண்டும். அறிந்து மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை. சங்கத் தலைவர் 'நாமே பேசி முடித்துக்கொள்வோம்' என்பாராயின் அவரே குற்றவாளியாகிறார். நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்க்குச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடையின்றிப் பெறவேண்டும். எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்தலாகாது. அதன் பெயரை வெளியிடலும் கூடாது. நம் இதழுக்கும் இது பொருந்தும்.

குழந்தை ஒன்றைச் சொல்லுமாயின் முழுதும் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காதீர்கள். சினந்து கூச்சலிட்டால் தான் பிழை செய்ததாக அது எண்ணும். உடைகளைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தம்ம வகுப்பு கதவு திறந்த அறையில், பெரியவர் இருவர் முன்னிலையில் நடக்கட்டும். இருவருள் ஒருவர் தாயாக இருத்தல் நன்று. வருகை தரும் ஆசிரியர் எத்துணை மதிப்பிற்குரியவராயினும், அவர் தங்கும் அறைக்கு இரவில் பிள்ளைகளைப் பணிவிடைக்கு அனுப்புதல் வேண்டா. தந்தையாகிய சுத்தோதனர் வேண்டிக்கொண்டதன்பேரில், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாது என்று பகவனே விதித்தார். பெற்றோர் 'வேண்டா' என்று சொல்ல அஞ்சவேண்டியதில்லை.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இப்பகுதியை வாசிக்குமாறும், குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098-ஐக் கூடத்துச் சுவரில் எழுதி வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர் கண்மட்டத்தில் வேண்டா. ஆறு வயதுப் பிள்ளை நிமிராமல் படிக்கும் உயரத்தில் எழுதுங்கள்.