சாட்சி நேர்ல வரணும். ஆனா ஜன்னல் வரைக்கும் வந்தா போதும்

அப்பாவுக்கு 78 வயசு, மூச்சு இரைப்பு வேற. உயில் எழுதிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். வெளியில ஊரடங்கு. பையன் டல்லாஸ்ல. "வீடியோ கால்ல பார்த்துக்கிட்டே நான் ஒரு சாட்சி, என் ஃப்ரெண்ட் ஒரு சாட்சி, போட்டுடலாமா?"ன்னு கேக்கறான். 2020, 2021-ல தாம்பரத்தை ஒட்டின சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர்ப் பக்கம் பிள்ளைங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டுத் தனியா இருந்த பெரியவங்க வீடுகள்ல இந்தப் பேச்சு வராத வீடு கம்மி.

போட முடியாது, தம்பி. அன்னிக்கும் முடியாது, இன்னிக்கும் முடியாது. ஆனா அதுக்காகக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்காரவும் வேண்டாம். வீடியோவை ஒத்துக்காத அதே சட்டம் வேற சில வழிகளைத் தாராளமாவே திறந்து வெச்சிருக்கு. நம்ம ஆட்களுக்கு அது தெரியறதில்லை. அடுத்த தொற்று எப்போன்னு யாருக்கும் தெரியாது. டெங்குவோ, வெள்ளமோ, ஆஸ்பத்திரி ஐ.சி.யூவோ எதுவானாலும் கதை இதேதான். அதனால அக்கா சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

உயிலுக்கான விதி 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தோட 63-வது பிரிவுல இருக்கு. எழுதறவர் கையெழுத்து போடணும், இல்லேன்னா கைநாட்டு வைக்கணும். ரெண்டு சாட்சியாவது வேணும். அவர் கையெழுத்து போடறதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்கணும். இல்லேன்னா "இது நான் போட்ட கையெழுத்துதான்"னு அவர் வாயாலயே கேட்டிருக்கணும். அப்புறம் சாட்சி அவர் கண்ணெதிர்ல கையெழுத்து போடணும். அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை.

இதுல ஒரு வரியை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இருக்கணும்னு நம்ம சட்டம் கேக்கலை. காலையில எதிர் ஃபிளாட் சார் வந்து போட்டுட்டுப் போகலாம், சாயந்திரம் மருந்துக்கடைத் தம்பி வந்து போடலாம். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல, அதுவும் பெரியவர் பக்கத்துல உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கிலாந்துச் சட்டம் இதுல கறார். எழுதறவர் கையெழுத்து போடும்போது ரெண்டு சாட்சியும் சேர்ந்து இருந்தாகணும். கொரோனாவுல அங்க தவிச்சுப்போய்த்தான் வீடியோ சாட்சிக்குத் தனியா ஆணை போட்டாங்க. 2020 ஜனவரி 31-லேர்ந்து செல்லும்னு சொல்லி, ஒரு தடவை நீட்டிச்சு, 2024 ஜனவரி 31-ஓட முடிச்சுட்டாங்க. அந்த நாலு வருஷமும்கூட, வேற வழியே இல்லேன்னாதான் வீடியோன்னு அரசாங்கமே சொல்லிச்சு. காரணம் இருக்கு. வீடியோவுல பார்த்தாலும் அதே தாள் சாட்சி கைக்குப் போய்ச் சேரணும், அவர் இன்னொரு நேரலைக் கால்ல எழுதினவர் பார்க்கக் கையெழுத்து போடணும். தாள் தபால்ல போயிட்டிருக்கும்போது எழுதினவர் போய்ச் சேர்ந்துட்டா அந்த உயில் அரைகுறைதான். கனடாவோட ஒன்டாரியோ மாகாணமோ அவசர ஏற்பாட்டை 2021-ல நிரந்தரமாவே ஆக்கிடுச்சு. டொரோன்டோ சொந்தக்காரங்க "நாங்க ஜூம்லயே முடிச்சோம்"னு சொன்னா அது பொய்யில்லை. அவங்க ஊர்ச் சட்டம் வேற, அவ்வளவுதான்.

இப்ப ஜன்னல் விஷயத்துக்கு வர்றேன். 1781-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. ஆஸ்துமா இருந்த ஒரு அம்மா வக்கீல் ஆபீஸுக்கு உயில் எழுதப் போனாங்க. உள்ள ஒரே புழுக்கம். கையெழுத்தைப் போட்டுட்டு வெளியில குதிரை வண்டியில போய் உட்கார்ந்துட்டாங்க. சாட்சிங்க உள்ளேயே கையெழுத்து போட்டாங்க. அந்த நேரம் குதிரைங்க வண்டியைப் பின்னால நகர்த்த, வண்டி ஜன்னலும் ஆபீஸ் ஜன்னலும் நேருக்கு நேர் வந்துடுச்சு. அந்தம்மா பார்க்க நினைச்சிருந்தா பார்த்திருக்கலாம், அதனால உயில் செல்லும்னு கோர்ட் சொல்லிடுச்சு. இருநூத்து நாப்பது வருஷம் கழிச்சு, கொரோனாவுல அங்கத்த வக்கீலுங்க இந்தக் குதிரை வண்டியைத்தான் ஞாபகப்படுத்தினாங்க. நம்ம சட்டமும் அதே பரம்பரை. எழுதினவர் கண்ணுக்கு மறைவில்லாம சாட்சி கையெழுத்து விழணும், அதுதான் உயிர்நாடி.

அதை நம்ம வீட்டுக்கு இப்படிப் பொருத்திப் பாருங்க. பெரியவர் வராந்தாவுல கிரில் கேட்டுக்கு உள்ள நாற்காலி போட்டு உட்காரட்டும். சாட்சி வெளியில, போர்ட்டிகோவுல. நடுவுல ஒரு ஸ்டூல். ஆளுக்கொரு பேனா. பெரியவர் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டுட்டுத் தாளை ஸ்டூல்ல வெச்சுட்டுப் பின்னால தள்ளி உட்காரட்டும். சாட்சி வந்து அவர் பார்க்கப் போடட்டும். முகக்கவசத்தை ஒரு நிமிஷம் இறக்கி ரெண்டு பேரும் முகம் பார்த்துக்கட்டும், "அது யாருன்னே தெரியலை"ன்னு பின்னாடி யாரும் சொல்லிடக் கூடாது. மூணாவது மாடி பால்கனியிலிருந்து கீழே பார்க்கறதெல்லாம் வேண்டாம். பேனா தாள்ல ஓடறது தெரியற தூரம்னு வெச்சுக்கோங்க. தாளைத் தூக்கிட்டுப் போய் அவங்க வீட்டு டைனிங் டேபிள்ல வெச்சுக் கையெழுத்து போட்டுக் கொண்டு வர்ற வேலையே கூடாது. நல்ல மனசோட செஞ்சாலும் உயிலைக் கெடுக்கறது அதுதான்.

வீடியோவைத் தூக்கிப் போடச் சொல்லலை. இதையெல்லாம் ஒருத்தர் ஓரமா நின்னு மொபைல்ல பிடிக்கட்டும். பெரியவர் தெளிவா, தன் விருப்பத்தோடதான் செஞ்சார்னு நாளைக்குக் காட்ட உதவும். அது கூடுதல் பலம் மட்டும்தான், சாட்சிக்கு மாத்து இல்லை. அதே மாதிரி ஆதார் ஓ.டி.பி. போட்டு மின்கையொப்பம் வைக்கிறது. வாடகை ஒப்பந்தத்தையே அப்படித்தானே போடறோம்னு கேப்பீங்க. 2000-த்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை முதல் அட்டவணையில போட்டு வெளியிலயே நிறுத்திடுச்சு. 2022-ல அந்த அட்டவணையைத் திருத்தினப்பவும் உயிலை உள்ள விடலை. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுல "வீடு சின்னவளுக்கு"ன்னு சொல்லி வெச்சதும் உயில் ஆகாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் கணக்கு வேற, வாய்மொழி உயிலும் அவங்க சட்டத்துல உண்டு. ஆனா வாரிசுங்க சம்மதம் இல்லாம மூணுல ஒரு பங்குக்கு மேல போகாது.

யாரைச் சாட்சியா கூப்பிடறது? பெரியவரைவிடச் சின்ன வயசா, நிலையான விலாசம் உள்ளவரா பாருங்க. உயில் கோர்ட்டுக்குப் போனா, சாட்சிகள்ல ஒருத்தராவது வந்து சொல்லணும். பழைய சாட்சியச் சட்டத்துல 68-வது பிரிவா இருந்தது, 2024 ஜூலை 1-லேர்ந்து வந்திருக்கிற புதுச் சட்டத்துல 67. பதினோரு மாச அக்ரிமென்ட்ல இருக்கிற மாடிவீட்டுக்காரர் எவ்வளவு தங்கமானவரா இருந்தாலும் பத்து வருஷம் கழிச்சு எந்த ஊர்ல இருப்பாரோ. உயில்ல பங்கு பெறப்போறவங்களையும் சாட்சியா போடாதீங்க. கிறிஸ்தவக் குடும்பமா இருந்தா சாட்சி போட்டவருக்கோ அவரோட கணவன் மனைவிக்கோ எழுதின பங்கு செல்லாமலே போயிடும். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனா மத்த பிள்ளைங்களுக்குச் சந்தேகம் வர அது ஒண்ணு போதாதா?

ஆஸ்பத்திரியில இருந்தா வார்டு நர்ஸும் டியூட்டி டாக்டரும் சாட்சி போடலாம், சட்டம் தடுக்கலை. பாதுகாப்பு உடை போட்டிருந்தாலும் பேரு, பதவி, பதிவு எண் எழுதச் சொல்லுங்க. போட மறுத்தா வருத்தப்படாதீங்க, அவங்களுக்குக் கோர்ட் பயம். சுயநினைவோட இருக்கார்னு டாக்டர்கிட்ட ஒரு சான்று மட்டுமாவது கேட்டு வாங்குங்க.

பதிவு பண்ணினா நல்லது, அவசரம் இல்லை. உயிலை எப்ப வேணும்னாலும் பதியலாம். எழுதினவர் இறந்த பிறகுகூட நிறைவேற்றுபவரோ பங்கு பெறுபவரோ கொண்டு போகலாம். 2020 ஜூன் 19-ல சென்னையையும் செங்கல்பட்டு மாவட்டத்துல நம்ம பகுதிகளையும் மறுபடி முழுசா அடைச்சப்போ, சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் போக முடியலையேன்னு உயில் எழுதறதையே ஒத்திப்போட்டவங்க உண்டு. அது தேவையே இல்லாத ஒத்திப்போடல். இன்னொண்ணு, வீட்டுப் பத்திரத்துக்கு இருக்கிற மாதிரி உயிலுக்கு ஆபீஸ் எல்லை கிடையாது. தாம்பரத்துல கூட்டம்னா வேற சார்பதிவாளர் ஆபீஸ்லயும் பதியலாம். படுக்கையில இருக்கிறவருக்காக அதிகாரியே வீட்டுக்கு வரவும் பதிவுச் சட்டம் இடம் கொடுக்குது. தனியா கட்டணம் கட்டி, டாக்டர் சான்றோட மனு கொடுக்கணும்.

இதே வசதியை எல்லாப் பத்திரத்துக்கும் எதிர்பார்க்காதீங்க. தானப் பத்திரத்துக்கும் ரெண்டு சாட்சி வேணும், அதோட பதிவும் கட்டாயம். வெள்ளைத்தாள்ல எழுதி பீரோவுல வெச்சா ஒண்ணுமே நடக்காது.

பவர் பத்திரம் பத்தி ஒரு எச்சரிக்கை. "அப்பா பவர் கொடுத்துட்டார், அப்புறம் உயில் எதுக்கு?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. கொடுத்தவர் உயிரோட பவரும் போயிடும். மனநிலை தவறினாலும் முடிஞ்சுடும். வென்டிலேட்டர்ல நினைவில்லாம இருக்கிறவரோட பவரை வெச்சு எதையும் விக்கக் கிளம்பாதீங்க, வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்கற வேலை. அந்த நிலைமையில ஹைகோர்ட்ல கார்டியன் கேட்டுப் போறதுதான் வழி.

வெளிநாட்டுல இருக்கிற பிள்ளை இங்க ஒருத்தருக்குப் பவர் கொடுக்கணும்னா, அங்கத்த நோட்டரி முன்னாலயோ இந்தியத் தூதரகத்துலயோ நேர்ல போய்க் கையெழுத்து போடறதுதான் சரி. அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல நோட்டரியே வீடியோவுல வர்றார். அதை இங்க நீட்டிட்டு சார்பதிவாளரோட மல்லுக்கட்ட வேண்டாம். தாள் இந்தியாவுக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல முத்திரைத்தீர்வை கட்டிடுங்க. கூரியர் கவரைப் பத்திரமா வெச்சுக்கோங்க, வந்த தேதிக்கு அது சாட்சி.

வீடியோவை நம்ம கோர்ட் மதிக்கவே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2022 ஜூலைல, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை லீவு முடிஞ்சு அமெரிக்கா போயிட்டார். சிறப்புத் திருமணச் சட்டப்படி மூணு சாட்சிகளோட, மாப்பிள்ளை வீடியோவுல இருக்க, அவர் கொடுத்த பவரை வெச்சு அவருக்காகவும் பொண்ணே கையெழுத்து போடலாம்னு மதுரை ஹைகோர்ட் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவு போட்டார். ஆனா கவனிங்க, அது கோர்ட்டுக்குப் போய் வாங்கின உத்தரவு. கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க ரெண்டு பேரும் உயிரோட இருந்து ஆமாம்னு சொல்ல முடியும். உயில் பேச வரும்போது எழுதினவர் இருக்க மாட்டாரே!

ஃபோன்லயே ஆகற வேலைகளைத் தள்ளிப்போடாதீங்க. ரயில்வே, விமானப்படைன்னு நம்ம ஏரியாவுல பென்ஷன்காரங்க நிறைய. நவம்பர் உயிர்வாழ் சான்றுக்கு பேங்க் வரிசையில நிக்கவே வேண்டாம். ஜீவன் பிரமாண் 2014-லயே வந்தாச்சு, 2021-லேர்ந்து முகத்தைக் காட்டினாலே போதும். தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கிறார். பேங்க், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துக்கும் நாமினி போட்டு வையுங்க. ஆனா நாமினி சொத்துக்காரர் ஆயிட மாட்டார், பங்கு வாரிசுகளுக்குத்தான்னு ஷேர் வழக்குல 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் சொல்லிடுச்சு. நாமினி போட்டாச்சுன்னு உயிலை விட்டுடாதீங்க.

எழுதி முடிச்ச அசல் தாள் எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்காவது சொல்லி வையுங்க. ஸ்கேன் காப்பியை வெச்சுக்கிட்டு அசலைத் தேடி அலையற பாடு பெரிய பாடு.

கடைசியா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது பெரியவர் உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, "எதுக்குங்க வம்பு"ன்னு நழுவாதீங்க. உயில்ல என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிக்கவே வேண்டாம், அதுக்கு நீங்க பொறுப்பும் இல்லை. அவர் கையெழுத்து போட்டதைப் பார்த்தீங்க, அவர் பார்க்க நீங்க போட்டீங்க. சட்டம் உங்ககிட்ட கேக்கறது அது மட்டும்தான். போய்ப் போட்டுட்டு வாங்க.