வரி ஏறியபின் யாரிடம் பேசுவது?

கேள்வி: மயிலாப்பூரில் 950 சதுர அடி ஃபிளாட்டில் நாங்களே குடியிருக்கிறோம். அரையாண்டுக்கு 1,200 ரூபாயாக இருந்த சொத்து வரி 2022இல் 2,100 ஆனது, பிறகு 2,226 ஆகிவிட்டது. வருடா வருடம் ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி பட்ஜெட் வாசிக்கிறார்கள். அதில் எங்களைப் போன்றவர்கள் வாய் திறக்க வழி உண்டா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: முதலில் உங்கள் கணக்கு. பழைய சென்னைப் பகுதியில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022 ஏப்ரலில் 75 சதவீதம் ஏற்றினார்கள். 1,200 அப்படித்தான் 2,100 ஆனது. 2024 செப்டம்பரில் மாமன்றம் தீர்மானித்த 6 சதவீதம் அதன்மேல் 126 ரூபாயைச் சேர்த்தது. ஆக, தொகை சரி.

ஏன் இப்படி ஒரேயடியாக ஏறியது? பழைய சென்னையில் 1998க்குப் பிறகு சீராய்வு நிலைக்கவில்லை. 2018இல் ஏற்றியதை 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். பிறகு 15ஆவது நிதிக்குழு, மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அது வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2016 முதல் 2022 தொடக்கம் வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. கவுன்சிலர்கள் பதவியேற்ற அடுத்த மாதமே இந்த உயர்வு வந்தது. மக்களோடு பேசி, படிப்படியாக ஏற்றியிருக்க வேண்டிய வரி இது. அந்த ஆறு வருடங்களை வீணாக்கியது நகரத்துக்குச் செய்த அநியாயம் என்பதே என் கருத்து.

இதனால்தான் பட்ஜெட் நாளன்று வரி விகிதத்தைப் பற்றிப் பேசிப் பெரிதாகப் பலன் கிடைப்பதில்லை. மாநில அரசின் ஆணையும் மானிய நிபந்தனையும் அதை முன்பே முடிவு செய்துவிடுகின்றன. செலவு விஷயம் அப்படியல்ல. அங்கே உங்கள் பேச்சு எடுபடும்.

ஆனால் காலம் பார்த்துப் பேச வேண்டும். பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மாமன்றத்துக்கு வரும்போது துறைகளின் மதிப்பீடுகளும் நிலைக்குழு வேலையும் முடிந்திருக்கும். உங்கள் வார்டில் மக்கள் கூடும் பகுதி சபையில் நவம்பர், டிசம்பருக்குள் கேளுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முறையாகக் கூட்டப்பட்ட சபை அது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அங்கே "ரோடு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் தெரு மழைநீர் வடிகாலைக் கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள், அதற்கு எவ்வளவு பில் போட்டீர்கள் என்று கேளுங்கள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் குப்பை அள்ளுவது ஒப்பந்த நிறுவனம். எந்த அளவுகோலை வைத்து அதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் நல்ல கேள்வி. கச்சேரி சாலையில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுவது மாநகராட்சிச் செலவல்ல. அதைக் கிளப்பினால் கூட்டம் திசைமாறிவிடும்.

வார்டு மேம்பாட்டு நிதியை மறக்காதீர்கள். 2025-26 பட்ஜெட்டில் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் அது 60 லட்சமாக உயர்த்தப்பட்டது. 200 வார்டுகளுக்கும் சேர்த்து 120 கோடி. உங்கள் வார்டின் 60 லட்சத்துக்கான வேலைப் பட்டியலைக் கவுன்சிலரிடம் கேளுங்கள். குடியிருப்போர் சங்கமாகப் போனால் மறுக்க மாட்டார்.

உங்கள் வீட்டுப் பதிவையும் ஒருமுறை பாருங்கள். 1,190 சதுர அடி வீட்டுக்கு 75 சதவீதம் ஏறியது, 1,210 என்று பதிவாகியிருந்தால் 100 சதவீதம். உங்கள் கட்டடத்தில் இந்த எல்லையை ஒட்டிய ஃபிளாட் இருந்தால், பத்திரத்திலுள்ள பரப்பும் மாநகராட்சிப் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று அதன் உரிமையாளர்கள் பார்க்கட்டும். கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் கட்டடங்களில் இன்னும் கவனம் தேவை. வணிகப் பகுதிக்கு 150 சதவீதம் ஏற்றினார்கள். மேல்தளமும் வணிகம் என்று பதிவாகியிருந்தால் வித்தியாசம் பெரிது. தவறிருந்தால் பத்திர நகலோடு மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மயிலாப்பூருக்கு அது தேனாம்பேட்டை, 9ஆவது மண்டலம்.

அதுவரை வரியை நிறுத்திவைக்காதீர்கள். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. உங்களுக்கு 111 ரூபாய் மிச்சம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி.