முதியோரின் தனிமையும் கைத்தொலைபேசியும்



வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர் தனிமையில் வாட முடியுமா? முடியும் என்பதை நமது தோட்டங்களில் வாழும் முதியோர் பலர் அறிவார்கள். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே இருப்பது ஒரு சுவர்தான். இங்கே இருமினால் அங்கே கேட்கும். ஆனாலும் "என்னோட பேச யார் இருக்கா?" என்று ஏங்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும் நம்மிடையே உண்டு. இன்று வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் ஆகியவை அவர்களுடைய இஸ்தோப்பு வரைக்கும் வந்துவிட்டன. இவை அவர்களது தனிமையைக் குறைக்கின்றனவா, கூட்டுகின்றனவா? இவ்வாரம் இதனைக் குடும்பமாக அமர்ந்து சிந்திப்போம்.

தனிமை என்பது யாது?

தனித்திருப்பது வேறு, தனிமையுணர்வு வேறு. மலைச்சரிவில் தனியே விறகு பொறுக்குகிறவர் மனநிறைவோடு இருக்கலாம். ஆறு பேர் உறங்கும் காம்பராவில் படுத்திருப்பவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கலாம். மனம் வேண்டுகிற உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் இடையிலுள்ள தூரமே தனிமை.

ராபர்ட் வைஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நெஞ்சுக்கு நெருங்கிய ஒருவரை இழந்ததால் வருவது ஒருவகை. கூடிப் பழகும் வட்டத்தை இழந்ததால் வருவது மறுவகை. ஒன்றின் குறையை மற்றது தீர்க்காது என்பது அவர் கருத்து. பசிக்குச் சோறும் தாகத்துக்குத் தண்ணீரும் வேண்டியிருப்பதைப் போன்றதே இதுவும்.

நமது தோட்டங்களில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்வதுண்டு. முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பேர் வெட்டப்பட்டு ஓய்வு பெற்ற நாளிலேயே அவளுடைய மலைச் சேர்க்கை போய்விடுகிறது. நிறைக்குச்சியோடு நின்று பேசிய பேச்சும், பீலிக்கரைச் சிரிப்பும் குறைகின்றன. அதே காலத்தில் மகள் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகிறாள். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஒரே தாய்க்கு இரண்டு பசிகள்!

இதனைச் சிறு மனக்குறை என்று ஒதுக்குவதற்கில்லை. உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுதோறும் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கு மேற்பட்ட மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 ஜூனில் மதிப்பிட்டு அறிவித்தது.

பிரிவு நமக்குப் புதிதன்று

மலையகத் தமிழர் பிரிவைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகளாக ஏற்கப்பட வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. அண்ணன் நீலகிரிக்கு, தம்பி நுவரெலியாவில் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களுக்கும் இங்கே நின்றவர்களுக்கும் இடையே இருந்த ஒரே பாலம் கடிதம். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஆளுக்கு ஆள் மாறி வந்து சேரும். வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஒருவரைத் தேட வேண்டும்.

அக்கடிதத்தில் ஒரு சிறப்பு இருந்தது. அது ஒருவருக்கென்றே எழுதப்பட்டது. "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்கும்போதே அக்காவின் கண் கலங்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கைத்தொலைபேசியின் நன்மை தீமை தானாக விளங்கும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரவுட் குழுவினர், 73 குடும்பங்களைச் சேர்ந்த 169 பேர் இணையத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளை ஆராய்ந்தனர். 1998இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோர் வீட்டாருடன் பேசுவது குறைந்திருந்தது; தனிமையுணர்வு சற்றே கூடியிருந்தது. ஆயினும் அதே குழுவினர் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், அத்தீமைகளில் பெரும்பாலானவை மறைந்துபோயிருந்தன. ஆகவே சாதனத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

முதியோரைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. அலபாமா மாநிலத்தில் முதியோர் குடியிருப்புகளில் வாழ்ந்தோரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், இணையத்தை அடிக்கடி பயன்படுத்தியோரிடம் தனிமையுணர்வு குறைவாகக் காணப்பட்டது. எனினும், ஏற்கெனவே துணையுள்ளவர்களே இணையத்தையும் நாடுகிறார்கள் என்றும் இருக்கலாம். எனவே இதை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது.

நமக்கு மிகவும் பயன்படும் ஆய்வு 2016இல் வந்தது. மொய்ரா பர்க் என்பவரும் மேலே சொன்ன கிரவுட்டும் சுமார் 1,900 முகநூல் பாவனையாளர்களை ஆராய்ந்தார்கள். நெருங்கியவர் தமக்கென்றே எழுதிய சொற்களைப் பெற்றோரின் மனநலம் உயர்ந்திருந்தது. வெறும் 'லைக்' பெறுவதாலோ, ஊருக்கெல்லாம் பொதுவாக இட்ட பதிவுகளைப் பார்ப்பதாலோ அத்தகைய பலன் கிட்டவில்லை. பழைய கடிதத்தின் சிறப்பு இங்கேயும் விளங்குகிறதல்லவா?

எங்கே பிழைக்கிறது?

முதலாவது, பேசும் கருவி பார்க்கும் கருவியாக மட்டும் மாறிவிடுவது. ஒரு காணொளி முடிய அடுத்தது தானாக வருகிறது. மாலைப்பொழுது கழிந்துவிடும், ஆனால் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அடுத்த காம்பராக் கிழவியும் அப்படியே இருப்பார். கூடிப் பழகும் வட்டம் இவ்வாறே ஓசையின்றிக் கலைகிறது.

இரண்டாவது, பிள்ளைகளின் பழக்கம். பூப்படத்தோடு "காலை வணக்கம்" என்று யாரோ அனுப்பியதை அம்மாவுக்கும் தள்ளிவிடுகிறோம். கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். "அம்மா, நேத்து இருமிக்கிட்டு இருந்தீங்களே, இன்னைக்கு எப்பிடி?" என்ற ஒரு வரி அத்தகைய நூறு படங்களுக்கு மேலானது.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. பல வீடுகளில் தொலைபேசி பேரனின் கையில்தான் இருக்கிறது. மகள் அழைக்கும்போது ஒலியைக் கூட்டி, நாலு பேர் நடுவில் பாட்டியிடம் நீட்டுகிறார்கள். "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? மருமகள் பக்கத்தில் இருக்க, மனத்தாங்கலை மகளிடம் எப்படிச் சொல்வார்?

நாம் செய்யக்கூடியவை

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகளே! பணம் அனுப்புகிறீர்கள், அது உங்கள் வியர்வை. அதோடு உங்கள் குரலையும் அனுப்புங்கள். குவைத் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியது. அங்கே வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு நீங்கள் ஓயும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மாவை எழுப்ப முடியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பேசிக் குரல் பதிவாக அனுப்பிவிட்டால், விடியற்காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அவர் கேட்பார். திரும்பத் திரும்பவும் கேட்பார். எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் பதில் பேசி அனுப்பலாம். வாரத்தில் ஒருநாள், உங்கள் விடுமுறைக்கு ஏற்ற ஒரு நேரத்தைக் குறித்து நேரே பேசுங்கள். குறித்த நேரம் என்று ஒன்று இருந்தால், அதற்காகக் காத்திருப்பதிலேயே அவர்களுக்குப் பாதி மகிழ்ச்சி.

வீட்டில் இருப்போரே! எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அழைப்பை எடுக்கவும் குரலைப் பதியவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அழைப்பு வந்தால் தொலைபேசியைக் கையில் கொடுத்து, பத்து நிமிடம் தனியே விடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதையும், பரிசு விழுந்ததாக வரும் செய்திகளை நம்பக்கூடாது என்பதையும் அவர்களுக்கு விளக்குங்கள்.

முதியோரே! நீலகிரியில் இருக்கும் உறவின் குரல் கைத்தொலைபேசியில் கேட்டால் மனமாரப் பேசுங்கள். ஆனால் பொழுதுபோக்குக் காணொளிக்காக அண்டை வீட்டுத் திண்ணையை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் இருவராக அமர்ந்து பாருங்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள்.

மகளின் குரல் முதற்பசியை ஆற்றும். அடுத்த காம்பராவிலிருந்து எட்டிப் பார்க்கும் முகம் மறுபசியை ஆற்றும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போது மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டு, பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அத்தகைய வேளையில் கதவைத் தட்டக்கூடியவர் பக்கத்து லயத்தவரே. அவரோடுள்ள உறவை அன்றாடம் பேணியிருந்தால்தான் அவர் தட்டுவார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. அந்நாளில் நமது லயத்தில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு முதியவரின் காம்பராவுக்குப் போவோம். தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்போம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டு முதியவரிடம், அவருக்கென்றே நாம் கடைசியாகப் பேசியது எப்போது? என்ன பேசினோம்?

2. தூரத்தில் இருக்கும் பிள்ளையோடு அவர் தனியே பேச வீட்டில் இடமும் நேரமும் உண்டா?

3. நமது லயத்தில் யாரும் அழைக்காத, யாரும் எட்டிப் பார்க்காத முதியவர் யார்? அவரிடம் இந்த வாரம் போகப்போவது நம்மில் யார்?