சாட்டை யார் மேல்?

கேள்வி: ஐயா, என் மகன் ஏழாம் வகுப்பு. குடிமையியல் என்றாலே கொட்டாவி விடுவான். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று கார்ட்டூனில் சொல்லும் புத்தகம் இரண்டு வாங்கிக் கொடுத்தேன், ஒரே மூச்சில் முடித்துவிட்டான். ஆனால் எங்கள் தெருவிளக்கு ஒரு மாதமாக எரியவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் “பிரதமர்கிட்ட” என்கிறான். என் மாமனாரோ, “பாடப் புத்தகத்துல கேலிப்படம் போட்டுத்தான் 2012-ல நாடாளுமன்றமே அமளியாச்சு, அந்த வம்பு நமக்கெதுக்கு?” என்கிறார். புத்தகத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருமுடிவாக்கம்

பதில் (ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்):

அம்மா, பையன் மேல் தப்பில்லை. அந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெல்லியில்தான் ஆரம்பிக்கும். நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கண்ணும் வாயும் வைத்து, அது “வணக்கம் குட்டீஸ்” என்று பேசும். ஊருக்கு வந்து சேர்வதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு என்பது கடைசியில் ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் கிடக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அப்போது ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்தால் ஒன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கடையில் கலர் பேப்பர் வாங்கி நான்கு சீட்டு வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஆள் செய்ய வேண்டிய வேலையைப் படமாகப் போடட்டும். தெருவிளக்கை எந்தச் சீட்டில் வரைவது என்று யோசிக்கும்போதே உங்கள் கேள்விக்கு அவன் பதில் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம், பக்கத்தில் அனகாபுத்தூரிலோ பம்மலிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு எத்தனை ஓட்டு என்று விசாரித்து வரட்டும். அந்த ஊர்கள் 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டன. 2022 பிப்ரவரித் தேர்தலில் அங்கே ஆளுக்கு ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும். மேயரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஊராட்சித் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம், மேயரை ஏன் அப்படிச் செய்வதில்லை என்று பையன் கேட்பான். கேட்கட்டும். எனக்கே அதில் முழுத் திருப்தி கிடையாது.

இனி மாமனார் விஷயம். அவர் சொல்வதில் பாதி நியாயம்.

என்.சி.இ.ஆர்.டி. 2006-ல் கொண்டுவந்த பதினோராம் வகுப்பு அரசியல் பாடப் புத்தகத்தில் ஓவியர் சங்கர் 1949-ல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது. அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர், கையில் சாட்டை. அவருக்குப் பின்னால் நேரு, அவர் கையிலும் சாட்டை. சுற்றி ஜனம் வேடிக்கை பார்க்கிறது. சட்டம் எழுதி முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனதைத்தான் சங்கர் கிண்டல் செய்தார். பாடமும் அந்தத் தாமதத்துக்கு என்ன காரணம் என்றுதான் விளக்கியது. ஆனால் நேருவின் சாட்டை நத்தை மேலா, அம்பேத்கர் மேலா? 2012 மே மாதம் தொல். திருமாவளவன் இதை மக்களவையில் எழுப்பினார், அவை அமளியானது, படத்தை எடுத்துவிடுவதாக அரசு சொன்னது. புத்தகத்தின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே இன்னொரு புத்தகத்தில் இருந்த ஆர்.கே. லக்ஷ்மணின் இந்தி எதிர்ப்புப் போராட்டப் படத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு. அந்தப் போராட்டத்தில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். மாணவனுக்கு ஆங்கிலமும் வராது என்று படம் சிரித்தால் இங்கே யாருக்குச் சிரிப்பு வரும்? எனக்கும் வரவில்லை.

ஆனாலும் நான் மாமனார் கட்சி இல்லை. அந்தப் புத்தகங்களைப் பரிசீலித்த தோரட் குழுவில் நம் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியனும் இருந்தார். மற்றவர்கள் பல படங்களை நீக்கச் சொன்னபோது அவர் ஒருவர் ஒப்பாமல் தனிக் குறிப்பு எழுதினார். திராவிட அரசியலையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அப்படிச் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கண் மூக்கு வைத்த கட்டடப் படத்தில் கருத்து கிடையாது, அதனால் யாருக்கும் கோபமும் வராது, பிள்ளைக்குப் பாடமும் ஏறாது. கேலிச்சித்திரம் ஒரு மனிதரின் கட்சி. யார் வரைந்தார், எந்த வருஷம், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், சிரிக்கப்பட்டவர் என்ன சொல்வார்? இந்த நாலு கேள்வியை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சங்கர் படத்தையே காட்டலாம். ஏழாம் வகுப்புக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஒன்பது, பத்து வரட்டும். (அதே சங்கர்தான் 1957-ல் பிள்ளைகளுக்காகச் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் தொடங்கியவர்.)

இப்போதைக்கு ‘பீமாயணம்’ தேடிப் பாருங்கள். அம்பேத்கரின் கதை, 2011-ல் வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது. அதில் கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சுக் குமிழி பறவை வடிவத்தில் இருக்கும், கொட்டுகிற பேச்சுக்குத் தேள் வால். குளத்தில் தண்ணீர் குடிக்கக்கூட விடாத ஊரில் ஒரு பையன் எப்படி இருந்திருப்பான் என்பது அந்த வாலைப் பார்த்தாலே விளங்கிவிடும். சமத்துவ உரிமை என்று பத்து வரி மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

ஒரு வேலை பாக்கி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இவற்றில் எது அடுத்து வருகிறதோ, அன்றைய கிராம சபைக்குப் பையனைக் கூட்டிப்போங்கள், ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து. மாமனாரும் வரட்டும். தெருவிளக்குப் பிரச்சினையை நீங்கள் எழுந்து பேசுங்கள். பதில் சொல்கிறவருக்குப் பறவைக் குமிழியா, தேள் வாலா என்பதைப் பையன் முடிவு செய்துகொள்வான். வரைந்ததை எனக்கு அனுப்பிவையுங்கள்.